நர்சரிப் புதரைப் போன்சாயாக்குவது: வாங்கும் நாளிலிருந்து முதல் தொட்டி வரை

விதை போட்டுப் போன்சாய் வளர்க்க நினைப்பவர் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு தண்டைப் பார்ப்பதற்கே பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நர்சரியின் மூலையில் கேட்பாரற்றுக் கிடக்கும் புதர்ச்செடியில் அந்தக் காத்திருப்பை வேறு யாரோ முடித்துவைத்திருக்கிறார்கள். தண்டு பருத்திருக்கும், கீழ்க்கிளைகள் இருக்கும், பட்டைகூட முற்றத் தொடங்கியிருக்கும். மிச்சமிருப்பது கழிக்கும் வேலை. செடியில் பாதிக்கும் மேல் எடுத்துவிட்டு, மீதியில் வயதான மரத்தின் சாயலைக் கொண்டுவர வேண்டும்.

போன்சாயைப் பட்டினி போட்டுக் குறுக்கிய செடி என்று பலர் நினைக்கிறார்கள். தரையில் நட்டால் வீட்டு உயரத்துக்கு வளரக்கூடிய சாதாரண இனம்தான் அது. கிளைகளை வெட்டிக் கழிக்கும் கவாத்தும் சின்னத் தொட்டியும் சேர்ந்து அதை அந்த அளவில் நிறுத்திவைக்கின்றன. உரமும் வெயிலும் போதிய அளவு கிடைத்துத் திடமாக இருக்கும் செடியால்தான் இத்தனை வெட்டையும் தாங்க முடியும். ஆகவே வாங்கி வந்த அன்றே கத்தரியை எடுக்காமல், இரண்டு மூன்று வாரம் புது இடத்துக்குப் பழக விடுங்கள்.

வாங்கும்போது தூரைப் பாருங்கள்

நர்சரியில் கண்ணை இழுப்பது பூவும் தழையும்தான். இரண்டுமே வெட்டினால் மறுபடி வரும். தண்டு மண்ணைத் தொடும் தூர்ப்பகுதி அப்படியல்ல, அதைத் திருத்த ஆண்டுகள் ஆகும். நல்ல தூர் கீழே அகன்று, நாலா பக்கமும் வேர்கள் மண்ணைப் பிடித்தபடி பரவியிருக்கும். ஜப்பானியர் இந்த வேர்ப்பரப்பை நெபாரி என்பார்கள். தொட்டியில் நிற்பதைப் பெரிய மரமாகக் கண் நம்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

சிக்கல் என்னவென்றால் நர்சரிச் செடிகளில் தூர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை தொட்டி மாற்றும்போதும் மேலே மண் போட்டு நிரப்பியிருப்பார்கள். உண்மையான வேர்ப்பரப்பு 2 முதல் 5 செ.மீ. ஆழத்தில் புதைந்திருக்கும். விரலாலோ மூங்கில் குச்சியாலோ தண்டை ஒட்டி மண்ணை விலக்கிப் பாருங்கள். தண்டு திடீரென அகலும் இடம் தட்டுப்பட்டால் அதுதான் உங்கள் மரத்தின் தரை மட்டம். தோண்டிக்கொண்டே போயும் தண்டு குழாய் மாதிரி ஒரே பருமனில் இறங்கினால் அந்தச் செடியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

தண்டு கீழிருந்து மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரே இடத்தில் நாலைந்து கிளைகள் கிளம்பிய செடிகளில் அந்த இடம் முடிச்சுபோலப் பருத்து, கீழ்த்தண்டைவிடத் தடித்துவிடும். இந்தத் தலைகீழ்ப் பருமன் பின்னால் எளிதில் மறையாது. ஒட்டுக்கட்டிய செடிகளில் ஒட்டு இருக்கும் இடத்தையும் கவனியுங்கள். மேலும் கீழும் பட்டை வேறு வேறாக இருந்தால் அந்தத் தழும்பு காலத்துக்கும் தெரியும்.

தூருக்குச் சற்று மேலே 2.5 முதல் 4 செ.மீ. பருமன் இருந்தால் முதல் மரத்துக்குத் தாராளம். முடிந்த மரத்தின் உயரம் தூரின் பருமனைப்போல ஆறு மடங்கு இருப்பது பழைய கணக்கு. 3 செ.மீ. தண்டென்றால் 18 செ.மீ. மரம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு அந்த உயரத்துக்குள் எத்தனை கிளைகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். 60 செ.மீ. செடியில் கீழே 25 செ.மீ. மொட்டையாக இருந்தால், மேலே எவ்வளவு அடர்த்தி இருந்தும் பயனில்லை. நாய் உரசியதுபோல ஒரு பக்கம் சாய்ந்தது, வளைந்து வளர்ந்தது, விற்காமல் நின்று முற்றிப்போனது ஆகியவற்றை மற்றவர்கள் ஒதுக்குவார்கள். உங்களுக்கு வேண்டியவை அவைதான். நோய்ப்பட்டதை மட்டும் மலிவு என்று எடுக்காதீர்கள்.

எந்தச் செடி

முதல் முயற்சிக்குச் சிறிய இலையும், வெட்டினால் துளிர்க்கும் குணமும் வேண்டும். கிளைகள் பெருகப் பெருக இலை சிறுக்கும். பூவும் காயும் அப்படிச் சிறுக்காது. ஆகவே பெரிய பூ விடும் செடியை உள்ளங்கை அளவு மரமாக்க நினைத்தால் விகிதம் கெடும்.

ஆலமர இனத்தைச் சேர்ந்த ஃபைகஸ் மைக்ரோகார்பா மிகவும் பொறுமைசாலி. பழைய கட்டையிலிருந்தும் துளிர்க்கும், வேரைப் பாதியாக வெட்டினாலும் சூடான பருவத்தில் மீளும். காகிதப்பூவும் எங்கே வெட்டினாலும் துளிர்க்கும். ஆனால் அதன் வேர் எளிதில் ஒடிவது, முற்றிய கிளை வளைக்கும்போது படீரென்று முறிவது. வேலிக்கு வைக்கும் பாக்ஸ்வுட் புதர் மெதுவாகத்தான் வளரும் என்றாலும் இலை சின்னது, தண்டு சீக்கிரமே முதுமைத் தோற்றம் காட்டும். ஊசியிலைச் செடியான ஜூனிபரில் தரையோடு படரும் வகைகள் நர்சரிகளில் தாராளம், கம்பிக்கும் நன்றாக வளையும்.

ஜூனிபரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. கிளையில் பச்சை முழுவதையும் எடுத்துவிட்டால் அந்தக் கிளை செத்துப்போகும், பழைய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்ப்பது அரிது. வெட்டும் இடத்துக்கும் தண்டுக்கும் இடையில் எப்போதும் கொஞ்சம் பச்சை மிஞ்ச வேண்டும். ஜூனிபரை வீட்டுக்குள் வைத்தும் வளர்க்க முடியாது, அதற்கு வெளி வெயிலும் குளிர்காலத்து ஓய்வும் வேண்டும். ஃபைகஸ் வெளிச்சமான ஜன்னலருகில் சமாளிக்கும், அங்கேயும் வளர்ச்சி மட்டுப்படும்.

ஒரு பருவத்தில் ஒரே பெரிய வெட்டு

புதிதாகத் தொடங்குபவர்களின் செடிகள் சாவதற்கு முக்கியக் காரணம் அவசரம். ஒரே நாள் பிற்பகலில் கிளையை வெட்டி, கம்பி சுற்றி, வேரைக் குறைத்து, அழகான தட்டைத் தொட்டியில் வைத்துவிடுகிறார்கள். அன்று மாலை பார்க்க மரம்போலவே இருக்கும். ஆனால் இலை செய்யும் உணவில்தான் வேர் வளர்கிறது, வேர் ஏற்றும் நீரில்தான் இலை நிற்கிறது. இரண்டையும் ஒரே நாளில் குறைத்தால் ஒன்றை மீட்க மற்றொன்றால் முடியாது.

ஜூனிபர், பாக்ஸ்வுட் போன்றவற்றுக்கு முதல் ஆண்டு மேல்பகுதி, அடுத்த ஆண்டு வேர். குளிர் நாடுகளில் கிளைக் கவாத்தும் கம்பியும் குளிர்காலக் கடைசியில் செய்யலாம். வேர் வேலை மொட்டுகள் உப்பத் தொடங்கி இன்னும் விரியாத வசந்தத் தொடக்கத்தில். ஃபைகஸ், காகிதப்பூ போன்ற வெப்பநாட்டுச் செடிகளுக்கு வளர்ச்சி வேகமெடுக்கும் சூடான பருவமே எல்லாவற்றுக்கும் ஏற்றது. மேலே வெட்டி, புதுத் துளிர் முற்றிக் கரும்பச்சையாகும் வரை இரண்டு மூன்று மாதம் பொறுத்து, பிறகு வேருக்குப் போகலாம்.

ஒரே விதிவிலக்கு: நர்சரி மண் சேறாகி, தண்ணீர் வடியாமல், புளித்த வாடை அடித்தால் வேரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அழுகும் வேரின் மேல் அழகான கிளை அமைத்துப் பிரயோஜனமில்லை.

கருவிகள்

கூரான கவாத்துக் கத்தரி, சிறிய நுனிக் கத்தரி, கம்பி வெட்டும் குறடு, மடக்கு ரம்பம், முனை மழுங்கிய மூங்கில் குச்சி, வெட்டுக்காயப் பசை இருந்தால் போதும். அலுமினியக் கம்பி 1, 1.5, 2, 3 மி.மீ. பருமன்களில் கொஞ்சம் கொஞ்சம் வாங்குங்கள். குழிவாக வெட்டும் போன்சாய்க் குறடு கிடைத்தால் நல்லது. கிளையைத் தண்டோடு சேர்த்துச் சற்றுக் குழியாக எடுப்பதால் காயம் ஆறும்போது மேடு தட்டாது. முதல் மரத்துக்காக அதை வாங்கியே தீர வேண்டும் என்றில்லை. ஒவ்வொரு செடிக்கும் முன்பு ஸ்பிரிட்டால் கத்தரியைத் துடைப்பது அதைவிட முக்கியம்.

முன்பக்கத்தைக் கண்டுபிடிப்பது

இந்த வேலையில் வெட்டே கிடையாது. ஆனால் நேரம் அதிகம் போக வேண்டியது இங்கேதான். மேல்மண்ணை விலக்கித் தூரை முழுக்கத் திறந்துவிடுங்கள். உள்ளே காய்ந்த குச்சிகளையும் பழுத்த இலைகளையும் மட்டும் எடுத்துவிட்டு, செடியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைத்து மெல்லத் திருப்புங்கள்.

தூர் அகலமாகத் தெரியும் பக்கம், தண்டின் வளைவு பக்கவாட்டில் தெரியும் பக்கம், நுனி உங்களை நோக்கிச் சற்றுக் குனியும் பக்கம், இவை மூன்றும் ஒரே பக்கத்தில் அமைந்தால் அதுவே முன்பக்கம். மூன்றும் சேர்ந்து வாய்ப்பது அபூர்வம். அப்போது தூருக்கு முதலிடம், வளைவுக்கு இரண்டாமிடம். செடியை 10, 20 பாகை சாய்த்தும் பாருங்கள். நேராக நிற்கையில் சப்பென்று தெரியும் தண்டு, சாய்த்தவுடன் காற்றில் வளைந்த மரமாகத் தோன்றும். படரும் ஜூனிபரை ஏறத்தாழப் படுக்கவைத்தால் பாறை விளிம்பிலிருந்து தொங்கும் மரம் கிடைக்கும். அதன் இயல்பே அதுதான் என்பதால் அந்த வகையை நிமிர்த்தப் போராடுவதைவிட இது புத்திசாலித்தனம்.

நாலு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, எடுக்க நினைக்கும் கிளையை ஒரு துணியால் மறைத்துப் பாருங்கள். வெட்டிய கிளையை ஒட்டவைக்க முடியாது. மறைத்த துணியை எடுத்துவிடலாம்.

கவாத்து

முதலில் உயரம். முன்பு போட்ட ஆறு மடங்குக் கணக்குப்படி நுனி எங்கே வர வேண்டுமோ அதற்குச் சற்றுக் கீழே, புது நுனியாக நிமிரக்கூடிய மெல்லிய பக்கக்கிளை ஒன்றைத் தேடுங்கள். அதற்கு மேலே தண்டைச் சாய்வாக வெட்டுங்கள். வெட்டு பின்பக்கம் பார்க்க இருக்கட்டும். தடித்த தண்டுக்கு மேலே மெல்லிய கிளை தொடர்வதால் சிறுத்துப்போகும் தோற்றம் உடனே வந்துவிடும். சிறிதும் பெரிதுமாக நர்சரிச் செடிக்குச் செய்யும் வெட்டுகளில் பலன் அதிகம் தருவது இது ஒன்றுதான்.

ஃபைகஸையும் காகிதப்பூவையும் இலையே இல்லாத கட்டையாக வெட்டினாலும் வளர்பருவத்தில் துளிர்க்கும். ஜூனிபரில் அப்படிச் செய்யாதீர்கள். பாக்ஸ்வுட்டிலும் கொஞ்சம் தழை மிஞ்சட்டும்.

பிறகு கிளைகள். முதல் கிளை உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில், ஒரு பக்கவாட்டில். இரண்டாவது எதிர்ப்பக்கம், சற்று மேலே. மூன்றாவது பின்னால். இந்தப் பின்கிளையைத்தான் பலர் மறக்கிறார்கள். அது இல்லாத மரம் சுவரில் ஒட்டிய படம்போலத் தட்டையாக இருக்கும். மேலே போகப் போகக் கிளைகளின் இடைவெளியும் நீளமும் பருமனும் குறையட்டும். கீழ் மூன்றில் இரண்டு பங்கில் பார்ப்பவரின் முகத்தை நோக்கி நீளும் கிளை வேண்டாம், தண்டின் வளைவை அது மறைக்கும்.

எடுக்க வேண்டியவை எளிதில் தெரியும்: ஒரே மட்டத்தில் எதிரெதிராக நிற்கும் இரண்டில் ஒன்று, சக்கரத்து ஆரம்போல ஒரே இடத்தில் கிளம்பும் கொத்தில் ஒன்றிரண்டைத் தவிர மற்றவை, செங்குத்தாக மேலேறுபவை, நேராகக் கீழே தொங்குபவை, குறுக்கே தண்டைத் தாண்டிப் போகிறவை, வளைவின் உட்புறத்தில் முளைத்தவை. தண்டின் பாதிப் பருமனைத் தாண்டிய கிளையும் மரத்தின் அளவைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் தண்டு இன்னும் பருக்க வேண்டும் என்று நினைத்தால் தூருக்கு அருகில் பின்பக்கமாக உள்ள ஒரு கிளையை வெட்டாமல் ஓட விடுங்கள். அது நீளும் வரை அதற்குக் கீழேயுள்ள தண்டு பருக்கும். வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம். தியாகக்கிளை என்று போன்சாய்க்காரர்கள் சொல்வது இதைத்தான்.

ஒரே முறையில் ஜூனிபரின் பச்சையில் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தினால் இன்னும் பத்திரம். எந்தக் கிளை வேண்டும் என்று சந்தேகமாக இருந்தால் விட்டுவைத்து நுனியை மட்டும் குறையுங்கள்.

காயங்களில் இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டு. ஃபைகஸில் வெட்டியவுடன் பால் வடியும். தோலில் பட்டால் அரிக்கும், துணியில் பட்டால் கறை. ஈரத் துணியால் ஒற்றி, பால் நின்றபிறகு பசை தடவுங்கள். காகிதப்பூவின் பெரிய வெட்டு ஆறுவது மெதுவாக, நடுக்கட்டை உளுத்துக் குழிவிழும். ஆகவே 1 செ.மீ. கட்டையை விட்டு வெட்டி, அது காய்ந்தபிறகு செதுக்கலாம். ஜூனிபரில் வேண்டாத கிளையை 3, 4 செ.மீ. விட்டு வெட்டி, பட்டையைக் குறடால் நசுக்கி உரித்துவிட்டால் இடி விழுந்து வெளுத்த கட்டைபோல நிற்கும். இதற்கு ஜின் என்று பெயர். ஒன்று அழகு, ஐந்து அலங்கோலம்.

கம்பி சுற்றுவது

வெட்டி வெட்டியே வளைவைக் கொண்டுவரும் வழியும் உண்டு. சீனாவின் லிங்னான் மரபு அப்படி வந்தது. கிளையை ஓட விட்டு, விரும்பும் திசையைப் பார்க்கும் மொட்டுக்கு மேலே வெட்டி, அது ஓடியதும் மறுபடி வெட்டுவது. ஃபைகஸுக்கும் காகிதப்பூவுக்கும் அது நன்றாகப் பொருந்தும். ஜூனிபருக்குக் கம்பியில்லாமல் முடியாது.

கம்பியின் பருமன் கிளையில் மூன்றில் ஒரு பங்கு. 6 மி.மீ. கிளைக்கு 2 மி.மீ. கம்பி. சந்தேகமாக இருந்தால் கம்பித் துண்டின் நுனியால் கிளையை அழுத்துங்கள். கம்பி வளையாமல் கிளை வளைந்தால் அந்தப் பருமன் போதும். நீளம் கிளையைப்போல ஒன்றரை மடங்கு.

ஒரே கம்பியால் அருகருகே உள்ள இரண்டு கிளைகளைக் கட்டுங்கள். நடுப்பகுதி தண்டில் குறைந்தது ஒரு முழுச் சுற்றாவது பிடிக்க வேண்டும். பிடிமானம் இல்லாத கம்பி கிளையை வளைக்கும்போது தானும் சேர்ந்து சுழன்றுவிடும். பிறகு 45 பாகைச் சாய்வில், பட்டையைத் தொட்டும் தொடாமலும், ஒரே இடைவெளியில் நுனி வரை சுற்றுங்கள். நெருங்கச் சுற்றினால் சுருள்போல நெகிழ்ந்து கிளையைப் பிடிக்காது. இலைகளை நசுக்கிச் சுற்றாமல் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

வளைக்கும்போது வளைவின் வெளிப்புறத்தில் கம்பி இருக்க வேண்டும். மரம் கிழிவது வெளிப்புறத்தில்தான், கம்பி அதைத் தாங்கும். இரண்டு கட்டைவிரலையும் உட்புறத்தில் ஊன்றி மெதுவாக. லேசான முறிவுச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். பாதி கிழிந்த கிளையை அந்த நிலையிலேயே பசை தடவிக் கட்டி வைத்தால் பல சமயம் பிழைக்கும். வளைப்பதற்கு முந்தின நாள் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் கிளை சற்றுத் துவண்டு இணங்கும். காகிதப்பூவில் பச்சை மாறாத இளங்கிளையை மட்டும் வளையுங்கள்.

கிளைகளைக் கிடைமட்டத்துக்கோ அதற்குச் சற்றுக் கீழோ இறக்குவது வயதைக் காட்டும் எளிய வழி. இளமரத்தின் கிளைகள் மேல்நோக்கும். பல ஆண்டுப் பளுவைத் தாங்கிய கிளைகள் தாழும்.

வளரும் பருவத்தில் வாரம் ஒரு முறை கம்பியைப் பாருங்கள். ஃபைகஸில் ஆறு வாரத்திலேயே கம்பி பட்டையில் பதியத் தொடங்கும், ஜூனிபரில் ஓராண்டு வரைகூட இருக்கலாம். எடுக்கும்போது சுற்றிச் சுற்றிக் கழற்றாமல் ஒவ்வொரு சுற்றையும் குறடால் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். கம்பியை மிச்சம் பிடிக்கப் போய்க் கிளையை உடைப்பது வழக்கமான நஷ்டம். எடுத்ததும் கிளை பழைய இடத்துக்கே திரும்பினால் மறுபடி கட்ட வேண்டியதுதான்.

வேர்

நர்சரித் தொட்டியிலிருந்து உருவினால் வேர்க்கட்டி தொட்டியின் வடிவத்திலேயே நிற்கும். ஓரத்தில் வேர்கள் வட்டமடித்து ஓடியிருக்கும். இந்த வட்டவேர்கள் பருத்து ஒன்றையொன்று நெரிப்பதும், தூரைச் சுற்றி இறுக்குவதும் பின்னால் வரும் பிரச்சினை. ஆகவே அவை போயே ஆக வேண்டும்.

தொடங்கும் முன் புதுத் தொட்டி, மண், கட்டுக்கம்பி எல்லாம் கையருகே இருக்கட்டும். வெயிலும் காற்றும் படாத இடத்தில் வேலை செய்யுங்கள். சல்லிவேர் சில நிமிடங்களிலேயே காய்ந்துவிடும். தெளிப்பானால் அடிக்கடி நனைத்துக்கொண்டே போங்கள், நடுவில் எழுந்து போக வேண்டியிருந்தால் ஈரத் துணியால் மூடுங்கள்.

20 செ.மீ. உயர வேர்க்கட்டியில் கீழே மூன்றில் ஒரு பங்கை ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். திடமான ஃபைகஸ் என்றால் பாதி. அடுத்து, தண்டிலிருந்து வெளிநோக்கி மூங்கில் குச்சியால் கோதிப் பிரியுங்கள். வெளியிலிருந்து உள்ளே குத்தினால் சல்லிவேர்தான் அறும். தூர் முழுவதும் வெளிப்பட்டதும், அதற்கு மேலே தண்டில் முளைத்திருக்கும் மெல்லிய வேர்களை நீக்குங்கள். நேர் கீழே இறங்கும் தடித்த வேர்களைத் தண்டின் அடியில் தட்டையாக வெட்டுங்கள். பக்கவாட்டில் ஆரம்போலப் போகும் வேர்களைக் காப்பாற்றுங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதை எடுங்கள். தடித்த வேரைக் குறைக்கும்போது அதில் சல்லிவேர் இருக்கும் இடத்துக்கு அப்பால்தான் வெட்டு விழ வேண்டும். தண்ணீரை உறிஞ்சுவது சல்லி. தடித்த வேர் அதை ஏற்றும் குழாய்தான்.

ஜூனிபரில் எல்லா மண்ணையும் ஒரே முறையில் உதறாதீர்கள். வேர்க்கட்டியை மனதில் இரண்டாகப் பிரித்து, இந்த முறை ஒரு பாதியில் மட்டும் பழைய மண்ணை முழுக்க எடுங்கள். மறுபாதியை இரண்டு ஆண்டு கழித்து அடுத்த தொட்டி மாற்றத்தில். காகிதப்பூவிலும் கைக்கனம் வேண்டாம். ஃபைகஸ் மட்டும் மண் முழுவதையும் கழுவி எடுத்தாலும் கோபித்துக்கொள்ளாது.

மண்ணும் பயிற்சித் தொட்டியும்

சாதாரணத் தோட்டமண் தட்டைத் தொட்டியில் ஏன் செடியைக் கொல்கிறது என்று ஒரு சிறிய சோதனையில் தெரிந்துகொள்ளலாம். நீள்சதுர ஸ்பாஞ்சு ஒன்றை நனைத்துக் கிடைமட்டமாகப் பிடியுங்கள், சொட்டுவது நிற்கும். அதையே நெட்டுக்குத்தாக நிறுத்தினால் மறுபடி தண்ணீர் வடியும். வடிந்து முடித்தபிறகும் மண்ணின் அடியில் ஒரு ஈர அடுக்கு தங்கும். அதன் உயரம் மண்துகளின் அளவைப் பொறுத்தது, தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததல்ல. 25 செ.மீ. தொட்டியில் அந்த அடுக்கு சிறு பகுதி. 5 செ.மீ. தட்டில் அதுவே முழுத் தொட்டியும் ஆகிவிடலாம், வேருக்குக் காற்றே இருக்காது. துகள் பெரிதானால் அடுக்கு மெலியும். அடியில் கூழாங்கல் பரப்பி இதைச் சரிசெய்ய முடியாது, ஈர அடுக்கு கூழாங்கல்லுக்கு மேலே ஏறி உட்காரும்.

ஆகவே 2 முதல் 6 மி.மீ. துகள்கள் மட்டுமே கொண்ட கலவை வேண்டும். அகடமா என்ற ஜப்பானியக் களிமண் துகள், நுரைக்கல் எனப்படும் ப்யூமிஸ், எரிமலைக்கல் மூன்றும் சம பங்கு என்பது பரவலான கலவை. கிடைக்காவிட்டால் உடைத்த செங்கல், ப்யூமிஸ் அல்லது பெர்லைட், கரடான மணல் சம பங்கு. நீர் சீக்கிரம் காயும் இடமென்றால் ஐந்தில் ஒரு பங்கு மட்கிய மரப்பட்டை சேர்க்கலாம். கடல் மணல் கூடாது, உப்பு. எதைப் போட்டாலும் சல்லடையில் சலித்துத் தூளை நீக்குங்கள். தூள் இறங்கி அடியில் சேறாகும், மீதி உழைப்பு வீண்.

மெருகு பூசிய போன்சாய்த் தொட்டிக்கு இப்போது அவசரமில்லை. 8 முதல் 12 செ.மீ. ஆழமுள்ள அகன்ற தொட்டி, மரப்பெட்டி, அல்லது ஓட்டைகள் நிறைந்த பிளாஸ்டிக் கூடை போதும். கூடையில் வேர் நுனி காற்றைத் தொட்டதும் காய்ந்து, பின்னால் கிளைத்துப் பெருகும். வட்டமடிக்காது.

துளைகளை வலைத்துண்டால் மூடி, அவற்றின் வழியே 1.5 அல்லது 2 மி.மீ. கம்பியைக் கோத்துக்கொள்ளுங்கள். நடுவில் மண்ணைக் குவித்து, அதன்மேல் செடியை வைத்து லேசாகத் திருகி அமர்த்துங்கள். கம்பியை வேர்க்கட்டியின் மேல் கொண்டுவந்து இறுக்கிக் கட்டுங்கள், வேரில் அழுந்தும் இடத்தில் ரப்பர் துண்டு வைக்கலாம். தண்டைப் பிடித்து லேசாகத் தூக்கினால் தொட்டியும் கூடவே எழ வேண்டும். ஆடுகிற செடியில் புதிதாக வரும் வேர்முடிகள் ஒவ்வொரு காற்றுக்கும் அறுந்துகொண்டே இருக்கும். பலர் இப்படிக் கம்பியால் கட்டுவதை விட்டுவிட்டுச் செடி ஏன் பிடிக்கவில்லை என்று உரத்தையும் மருந்தையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

மீதி மண்ணைப் போட்டு, மூங்கில் குச்சியை விட்டுச் சின்னச் சின்னதாக அசைத்து வேர்களுக்கிடையே இறக்குங்கள். இடித்து அமுக்க வேண்டாம். கடைசியில் அடித்துளையில் வரும் தண்ணீர் தெளியும் வரை பூவாளியால் ஊற்றுங்கள்.

அதன் பிறகு

மூன்று நாலு வாரம் காற்றடிக்காத பாதி நிழல். புதுத் துளிர் எழும் வரை உரம் வேண்டாம், ஏறத்தாழ ஐந்தாறு வாரம். வேரில்லாத செடிக்கு உரம் கொடுத்தால் உப்பு சேர்ந்து வேர் கருகும். துளிர் வந்தபிறகு கஞ்சத்தனம் வேண்டாம். துகள்மண்ணில் உரம் ஒவ்வொரு தண்ணீரிலும் கழுவிப் போய்விடும் என்பதால், பாதி அடர்த்தியில் திரவ உரம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுங்கள்.

தண்ணீருக்கு நாள்கணக்கு கிடையாது. மூங்கில் குச்சியை மண்ணில் செருகி வைத்து, எடுத்துப் பாருங்கள். நிறம் கறுத்து ஈரமாக வந்தால் பொறுங்கள், லேசான ஈரம் மட்டும் இருந்தால் ஊற்றுங்கள். ஊற்றும்போது இரண்டு தவணை: முதல் ஊற்றில் துகள் நனையும், சில நிமிடம் கழித்து ஊற்றுவது ஊறும். அரைகுறையாகத் தெளித்தால் மேல்மண் ஈரமாகத் தெரியும், நடு வேர் காயும். வாரம் ஒரு முறை தொட்டியைக் கால் திருப்பு திருப்பினால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வளரும்.

ஃபைகஸில் புதுக்கிளை ஆறு முதல் எட்டு இலை விட்டதும் இரண்டு இலைக்குக் குறையுங்கள். அந்த இரண்டு கணுவிலிருந்தும் கிளை வரும், இலையும் சிறுக்கத் தொடங்கும். காகிதப்பூ புதுத்துளிரின் நுனியில்தான் பூக்கும் என்பதால் பூ முடிந்தபிறகு வெட்டுங்கள். ஜூனிபரின் எல்லா நுனிகளையும் நகத்தால் கிள்ளுகிற பழக்கம் செடியைப் பலவீனப்படுத்தும். கொத்தைத் தாண்டி நீளும் தளிரை மட்டும் அடியில் கத்தரியுங்கள்.

கெட்டுப்போகும் அறிகுறிகள்

ஜூனிபர் செத்தபிறகும் சில வாரம் பச்சையாகவே நிற்கும். பச்சையின் பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்து, தொட்டால் நொறுங்கினால் வேர் போய் வெகுநாளாகிறது என்று பொருள். உட்பக்கப் பழைய ஊசிகள் மட்டும் பழுப்பது இயல்பு. நுனிகள் பழுத்தால்தான் கவலை. நிறம் மங்கி, நுண்ணிய நூலாம்படை தெரிந்தால் வெள்ளைத் தாளின் மேல் கிளையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் நகர்ந்தால் சிலந்திப் பேன். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலையடியைக் கழுவுவதை மூன்று நாளுக்கு ஒரு முறை செய்தால் பெரும்பாலும் அடங்கும்.

ஃபைகஸ் இடம் மாற்றியவுடன் இலை உதிர்த்தால் பதறி மேலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். இலை குறைந்த செடி குறைவாகத்தான் குடிக்கும். கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. கீழிலைகள் மஞ்சளாகி, மண் புளித்த வாடை அடித்தால் வேர் அழுகல். எடுத்துப் பார்த்துக் கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டிவிட்டுப் புதுத் துகள்மண்ணில் வையுங்கள். கணுக்களின் இடைவெளி நீண்டு இலை பெரிதானால் வெளிச்சம் போதவில்லை. கணுச்சந்தில் பஞ்சுபோல வெள்ளை இருந்தால் மாவுப்பூச்சி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுக்கலாம்.

போன்சாய்த் தொட்டிக்கு எப்போது

பயிற்சித் தொட்டியில் இரண்டு வளர்பருவமாவது ஓடட்டும். கூடையின் ஓட்டைகளில் வெள்ளை வேர்நுனி எட்டிப் பார்க்க வேண்டும், முதன்மைக் கிளைகள் கம்பியில்லாமல் இடத்தில் நிற்க வேண்டும், பெரிய வெட்டுகளின் ஓரத்தில் புதுப்பட்டை உருண்டு வர வேண்டும். அதன் பிறகு அடுத்த வேர்ப்பருவத்தில் மாற்றலாம். தொட்டியின் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் தூரின் பருமன் அளவு. மரத்தை நட்டநடுவில் வைக்காமல் நீளவாட்டில் சற்று ஒரு பக்கமாக, பின்விளிம்பை ஒட்டி வையுங்கள். முதல் கிளை நீளும் பக்கத்தில் இடம் அதிகம் இருக்கட்டும். தூருக்குச் சுற்றிலும் மண் லேசாக மேடாக, ஓரத்தில் விளிம்பைவிட அரை செ.மீ. தாழ்ந்து இருந்தால் ஊற்றிய தண்ணீர் வழிந்தோடாமல் உள்ளே இறங்கும்.